8/7/1331

துர்முஷ் என்ற முதியவர் கஸ்தமோனு பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து இஸ்தான்புல் வந்து, எங்கள் ஆவணக் காப்பகத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். வயது எண்பத்தொன்று. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"நீங்கதானே தம்பி எழுதினது?"

"ஆமாங்கய்யா."

அவருடைய தந்தை வெய்செல் போரில் இறந்த நாளைக் குடும்பத்தார் எழுதிக் கேட்டிருந்தார்கள். 1913 ஜூன் 13 என்று பதில் அனுப்பியிருந்தேன்.

"நான் பொறந்தது 1915 மார்ச்."

கடிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தேன்.

"அம்மா கல்லறை பக்கத்துல அப்பா பேருக்கும் ஒரு கல்லு வைக்கலாம்னு கேட்டோம். கடுதாசிய காபிக்கடையில வச்சு வாசிச்சாங்க. சிரிச்சிருந்தாக்கூடத் தேவல. டீயக் குடிச்சிட்டு ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"பழைய அரபு எழுத்துங்கய்யா. மங்கிப் போயிருக்கும்."

பக்கத்து மேசை நெர்மின் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். மங்கவில்லை. கறுப்பு மையில் பளிச்சென்று இருந்தது: 8 தெம்முஸ் 1331.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இரண்டு ஆண்டுக் கணக்குகள். ஒன்று மதத்துக்கு, ஒன்று அரசுக்கு. 1331 என்ற ஒரே எண்ணுக்கு இரண்டிலும் இரண்டு வருட வித்தியாசம். எந்தக் கணக்கு என்பதை மாதப் பெயர்தான் காட்டும். படியெடுக்கும்போது நான் பெயரை விட்டுவிட்டு எண் போடுவேன். வேலை சீக்கிரம் முடியும். 8/7/1331. கடிதம் எழுதியபோது பதிவேட்டைத் திறக்கவில்லை, என் குறிப்பேட்டைத்தான் பார்த்தேன். ஏழு என்றால் மதக் கணக்கின் ஏழாம் மாதம் ரஜப் என்று நினைத்துக்கொண்டேன். தெம்முஸ் அரசுக் கணக்கின் ஜூலை; அந்தக் கணக்கு இன்றைய நாட்காட்டிக்குப் பதின்மூன்று நாள் பின்னால். வெய்செல் இறந்தது 1915 ஜூலை 21.

"ஏண்ணே, மாசப் பேர எழுதினா கை சுளுக்கிக்குமா?" என்றாள் நெர்மின், மெதுவாக.

முதியவருக்குப் பழைய எழுத்து தெரியாது. "அப்பா பேரு எங்க?" என்றார். காட்டினேன். தாளைத் தொடாமல் விரலை அதன்மேல் பிடித்திருந்தார்.

"எழுத்து நல்லாத்தானே இருக்கு."

புதுக் கடிதம் அடித்து, முத்திரை வைத்துக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"இது போதாது தம்பி. கிழவன் போய் அழுது மாத்தி வாங்கிட்டான்னுவாங்க. தப்பு யாருதுன்னு எழுதுங்க."

"அலுவலகத் தவறுன்னு போடட்டுமா?"

"அலுவலகத்த எங்க ஊர்ல யாருக்குத் தெரியும்? உங்க பேரப் போடுங்க."

கிழித்துவிட்டு மறுபடி அடித்தேன்.

"வாசிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும். அங்கயும் அப்படித்தான் வாசிப்பாங்க."

மற்ற மேசைகளில் தட்டச்சு நின்றது. வாசித்தேன். மூன்றாவது வரியில் என் பெயர் வந்தது.

"அந்த வரி கேக்கல," என்றார்.

மறுபடி வாசித்தேன்.