பத்து விநாடிக்குள் மூழ்க வேண்டும்

9.8.1995, புதன்

டைப்ரைட்டிங் வகுப்புக்கு இன்று போகவில்லை. நடந்ததை இப்போதே வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுதினால் என் தப்பைச் சின்னதாக்கி, என் சாமர்த்தியத்தைப் பெரிதாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ராஜபாளையத்தில் அசன் முகம்மது பாயின் பட்டறையில் கடிதங்களும் டைப் வேலையும் என் பொறுப்பு. பன்னிரண்டு விசைத்தறி. நெய்வதெல்லாம் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி. பல வருஷமாக மதுரை வியாபாரி ஒருவர் வாங்கி, தன் பெயரில் அரசாங்கத்துக்குக் கொடுத்துவந்தார். ஆறு மாதமாக அவர் வாங்குவதில்லை. எட்டுத் தறி ஓடவில்லை. அதனால் இந்த வருஷம் பாய் தானே நேரடியாக டெண்டர் போட்டார். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக வாங்கும் சென்னை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து பட்டறையையும் துணியையும் பார்த்து, சரி என்றால் ஒப்பந்தம். இல்லையென்றால் தளவாய்புரத்துக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து தறிகளைக் கழற்றிக்கொண்டு போவார். பேசி முடித்தாகிவிட்டது.

துணிக்கு முக்கியமான சோதனை ஒன்றுதான். மடித்துத் தண்ணீர்மேல் போட்டால் பத்து விநாடிக்குள் தானாக மூழ்க வேண்டும். மூழ்கும் துணிதான் ரத்தத்தை உறிஞ்சும். மிதந்தால், நெய்யும்போது பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வெளுப்பில் போகவில்லை என்று அர்த்தம். வெளுத்து வரும் ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டை வெட்டி, வாளியில் போட்டு, நேரம் பார்த்து நோட்டில் எழுதுவது என் வழக்கம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இப்போது என் தப்பு. நேற்று சாயங்காலம் நல்ல துணியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெளுப்பு வேலை பார்க்கும் மொக்கைச்சாமி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். "நாளைக்கு அதிகாரி பார்க்கிறது. கசங்காம வைங்க அண்ணாச்சி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பதினோரு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். பெயர் ஞானபாக்கியம். கதர்ப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். வெளுப்புத் தொட்டி, கிணறு, கக்கூஸ்வரை பார்த்தார். பிறகு துணியைக் கேட்டார். அண்ணாச்சி அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார். அப்பளம் மாதிரி விறைப்பாக, பளபளவென்று இருந்தது. நான் கொடுத்தபோது அது அப்படி இல்லை.

மேடம் மடித்துத் தண்ணீரில் போட்டார். பத்து விநாடி. இருபது. ஒரு நிமிஷம் ஆயிற்று. துணி காகிதக் கப்பல் மாதிரி மிதந்தது.

"என்னய்யா இது?" என்றார் மேடம்.

"கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன் தாயி" என்றார் அண்ணாச்சி பெருமையாக. "மெட்ராஸ்ல இருந்து வாரவியளுக்குத் தொவண்ட துணியவா காட்ட முடியும்?"

தறி ஓட்டும் வெள்ளத்தாய் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே மொக்கை, புண்ணுக்குக் கட்டுற துணிக்கு மாப்பிள்ளை வேட்டியாட்டம் கஞ்சியா? நீ வெளங்குவியா?"

"நல்லது பண்ணுனா ஏசுதா பாரு!" என்றார் அண்ணாச்சி.

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். மேடம் பேனாவைத் திறந்தார். காகிதத்தில் பேனா படுவதற்குள் பேச வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

"மேடம், சோதனைக்கு எடுக்கிற துணியை ஆய்வு பண்ண வர்றவங்களே இருப்பிலேருந்து எடுக்கணும். நாங்க நீட்டுறதை எடுக்கக் கூடாது. டெண்டர்ல இருபத்திரண்டாவது நிபந்தனை."

"எனக்கே ரூல் சொல்றியா?"

"நாந்தான் மேடம் அதை மூணு காப்பி டைப் அடிச்சேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கசங்காம வைக்கச் சொன்னதும் நாந்தான். அண்ணாச்சி மேல தப்பு இல்லை."

மேடம் கோப்பைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டியது மாதிரி இருந்தது.

"இருபத்து மூணு" என்றார். "ஆனா நீ சொல்றது சரி. குடோனைத் திறங்க."

முதல் கட்டு நாலு விநாடியில் மூழ்கியது. இரண்டாவது, ஐந்து. மூன்றாவதும் ஐந்து. "கடைசி ஒண்ணு" என்று மேடம் சுவரோரம் அடியில் கிடந்த கட்டைக் காட்டினார். அது ஆடிப்பூரத் தேர் வாரத்துத் துணி. அந்த வாரம் சாரல் விட்டு விட்டுப் பெய்து, துணி சரியாகக் காயாமல் மறுபடி வெளுத்தோம். என் நோட்டில் எட்டு விநாடி. நான் எண்ணியது சரிதானா? அன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேனா, வாயால் எண்ணினேனா?

துணி தண்ணீரில் விழுந்தது. ஐந்து. ஆறு. ஒரு மூலை இறங்கியது. ஏழு. "இறங்குடி, என் ராசாத்தி" என்றாள் வெள்ளத்தாய் அக்கா. எட்டில் மொத்தமும் அடியில் கிடந்தது.

"எட்டு" என்றார் மேடம். எழுதிக் கையெழுத்துப் போட்டார். "துணி தேறியாச்சுன்னு எழுதியிருக்கேன் பாய். ஆர்டர் சென்னையிலேருந்து வரும். இனிமே கஞ்சிய மட்டும் குடிச்சிருங்க."

ஜீப் தெருமுனை திரும்பியதும் பாய் தளவாய்புரத்துக்கு ஆள் அனுப்பினார், வர வேண்டாம் என்று.

4.9.1995, திங்கள்

ரிஜிஸ்தர் தபால் வந்தது. கனமான உறை. பாய் பிரிக்காமல் என்னிடமே கொடுத்துவிட்டார். முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் பாய்.

"செத்த நேரம் பொறுங்க பாய். ஆறாவது நிபந்தனைலதான் இருக்கேன்."

"ஏட்டி கமலவல்லி! கெடைச்சிருக்கா இல்லையான்னு சொல்லிட்டுப் படியேன். இங்க உசுரு போவுது!" என்றாள் வெள்ளத்தாய் அக்கா.

இடையில் எங்காவது 'ஆனால்' என்று ஒரு வார்த்தை இருந்துவிட்டால்? விரலை வைத்துக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். எங்கும் இல்லை.

"மூணு மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிக்கும், ஒரு வருஷத்துக்கு. நம்ம பட்டறை பேர்லயே."

மொக்கைச்சாமி அண்ணாச்சி ஓடிப்போய், நின்றுகிடந்த எட்டுத் தறியையும் ஒரே நேரத்தில் போட்டார். ஃபியூஸ் போயிற்று. எல்லோரும் அவரை ஏசினார்கள், அவரும் சிரித்துக்கொண்டே ஏசினார். கம்பி மாற்றி, இந்த முறை ஒவ்வொன்றாகப் போட்டார். பன்னிரண்டாவது தறியும் ஓடத் தொடங்கியபோது பாய் என்னைப் பார்த்து என்னமோ சொன்னார். கேட்கவில்லை. "என்ன பாய்?" என்று கத்தினேன். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.