இடுப்புப் பட்டை தாங்கும் எடை

என் மச்சானுக்கு நான் பாக்கி வைத்திருந்த தொகை பதினெட்டாயிரத்து நானூறு. என் மனைவியின் அண்ணன் அவர். உடம்பைக் குறைக்கும் மாவு விற்கிறார். கடனாக நான்கு டப்பா கொடுத்தார். மூன்று வேளையும் அதையே கரைத்துக் குடித்தேன். ஆறு கிலோ போனது. நிறுத்தியதும் ஒன்பது கிலோ வந்தது.

கட்டட வேலையில் நாலாவது மாடிக்கு மேல் ஏறினால் ஒன்றரைக் கூலி. ஆனால் இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை நூறு கிலோவுக்கு மேல் தாங்காது. பூட்ஸ், கருவிப் பை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. என்னைக் கீழே மணல் சலிக்க விட்டார்கள். 'மூட்டை' என்று பெயரும் வைத்தார்கள்.

"எட்டு மாசம் அடுப்பை என்கிட்ட விட்டுடுங்க. பட்டினி போட மாட்டேன்" என்றாள் மனைவி.

போடவில்லை. தட்டில் பாதி காய், கீரை. மீதியில் பருப்போ முட்டையோ மீனோ. சோறு ஒரு கைப்பிடி. எண்ணெயைக் கரண்டியால் அளந்தாள். பூண்டும் மிளகும் போட்டு வதக்கிய அவரைக்காயை நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றேன். மாதம் இரண்டு கிலோ, சில மாதம் ஒன்று, மெதுவாக இறங்கியது.

எட்டாவது மாதம் மேலே ஒரு இடம் காலியானது. திங்கட்கிழமை எடை பார்ப்பதாகவும், தவறினால் வெளியாளைக் கூட்டி வருவதாகவும் மேஸ்திரி சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில், சிமெண்ட் கடைத் தராசில் பையோடு ஏறினேன். நூற்றொன்று புள்ளி மூன்று.

மச்சான் ஒரு பொட்டலம் கொடுத்தார். "ரெண்டு நாள் சோறு தண்ணி வேண்டாம் மாப்ளே. இதைக் குடி. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி போயிடும்."

ஞாயிறு மதியம் தட்டைத் தள்ளி வைத்தேன். முந்தின நாளிலிருந்தே எதுவும் சாப்பிடவில்லை. அவள் என் சட்டைப் பையிலிருந்து பிரிக்காத பொட்டலத்தை எடுத்தாள்.

"திங்கக்கிழமை மட்டுமா மேல நிக்கப் போறீங்க? செவ்வாய்க்கிழமை?"

"திங்கள் தாண்டினாத்தானே செவ்வாய்?"

"மேல தலை சுத்துனா பட்டை உங்களைத் தாங்கும். எங்களை?"

எழுந்து நிற்கப் போனேன். சுவர் நகர்ந்தது. பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். தட்டை இழுத்துச் சாப்பிட்டேன். பொட்டலம் சாக்கடைக்குப் போனது.

திங்கட்கிழமை காலையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போனேன். பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"தராசு உடைஞ்சா உன் கூலியில பிடிப்போம்டா மூட்டை" என்றான் கம்பி கட்டுகிறவன்.

பூட்ஸோடும் பையோடும் ஏறினேன். முள் ஆடி நின்றது. நூற்றொன்று புள்ளி இரண்டு. மேஸ்திரி நோட்டை மூடப் போனவர் நிறுத்தினார்.

"பையில என்ன கனமா இருக்கு?"

"சுத்தியல், குறடு, மட்டப்பலகை..." ஒவ்வொன்றாக எடுத்தேன். அடியில் இரண்டு அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம்.

"இதைத் தூக்கிக்கிட்டா மேல ஏறுவே?"

"இல்லீங்க. சாப்பிடக் கீழதான் வருவேன்."

"அப்ப எதுக்குடா அதையும் நிறுக்கறே? கீழ வை."

கருவிகளை மட்டும் பையில் திரும்பப் போட்டு ஏறினேன். தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. மேஸ்திரி என் பெயருக்கு நேரே சரி என்று குறி போட்டார்.

ஐந்து மாதக் கூலியில் மச்சானுக்குப் பதினெட்டாயிரம் கொடுத்தேன். கடைசித் தவணை வாங்க வந்தவர் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். அவரைக்காயை மூன்று தரம் கேட்டு வாங்கினார். நான் மீதியை எண்ணினேன்.

"அந்த நானூறை விடு மாப்ளே" என்றார், தட்டிலிருந்து தலை நிமிராமல். "சாப்பாட்டுல கழிச்சுக்கலாம்."