அக்கா வீட்டு விலாசம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மல்வேர்னில் எங்கள் பள்ளிக்கூடத்தை மூடுவது பற்றிய கூட்டம். தொடங்கிக் கால் மணித்தியாலத்துக்குள் நான் மூன்று தடவை கதிரை மாறிவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. சின்னவன் சஞ்சீவன் இங்கேதான் முதலாம் வகுப்பு, நடந்தால் ஐந்து நிமிடம். மூடினால் அவனுக்கு இரண்டு பஸ். எனக்குக் காலை ஷிஃப்ட் போய்விடும்.

கல்விச் சபையிலிருந்து வந்த பெண் திரையைக் காட்டினாள். நானூறு இடம், நூற்றுத் தொண்ணூறு பிள்ளைகள். குரல் மட்டும் தேன். மூடுவதற்கு ஐந்து பள்ளிக்கூடங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். ஐந்திலும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும்தான்.

பெற்றோர் குழுவை நடத்தும் மாக்கஸ் எழுந்தார். ஜமேக்காக் குடும்பம், மூன்று பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள்.

"ஏரிக்கரைப் பள்ளிக்கூடமும் பாதி காலிதானே? வெள்ளைக்காரர் வாழும் இடம் என்பதால் பட்டியலில் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அங்கே எல்லா அறைகளும் பாவனையில் இருக்கின்றன," என்றாள் அவள்.

பச்சைப் பொய். எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மூத்தவள் நிலாணி அங்கேதான் படிக்கிறாள். அந்தப் பக்கம் இருக்கும் அக்காவின் விலாசத்தைக் கொடுத்துச் சேர்த்தோம். எங்கள் ஆட்களில் பலர் இப்படித்தான்; நல்ல பள்ளிக்கூடம் என்று கேள்விப்பட்டால் உடனே அங்கே ஒரு சொந்தக்காரரைத் தேடுவோம். அவளுடைய வகுப்புக்குப் பக்கத்தில் மூன்று அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் நான் வாயைத் திறந்தால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்தில் இருந்த யோகமலர் அன்ரி என் கையைப் பிடித்தார். அவருடைய பேரனும் அங்கேதான்.

"பேசாமல் இரும் பிள்ளை. நிலாணியின்ரை படிப்பைக் கெடுக்கப்போறீரே? உமக்கென்ன விசரே?"

"ஓம் அன்ரி, விசர்தான். எவ்வளவு நேரமெண்டு உந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்கிறது?"

எழுந்துவிட்டேன். பூட்டிய மூன்று அறைகளையும் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்க, மகள் அக்காவின் விலாசத்தில் அங்கே படிப்பதையும் சொன்னேன்.

மாக்கஸ் திரும்பிப் பார்த்தார். "துர்க்கா, இங்கிருந்து அப்படி எத்தனை பிள்ளைகள் போகிறார்கள்?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. "அறுபது, எழுபது இருக்கும்," என்றேன். அவர்கள் இங்கேயே இருந்திருந்தால் எங்கள் பள்ளிக்கூடம் இவ்வளவு காலியாகியிராது; வெட்கமாக இருந்தது.

சபைப் பெண் அன்று முதன்முறையாகப் பேனாவை எடுத்தாள்.

"மகளின் முழுப்பெயர்?"

சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"அந்த மூன்று அறைகளையும் எழுதுங்கள்," என்றேன்.

"அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை," என்று பேனாவை மூடினாள்.