கொன்ஸ்ரன்ஸின் புது மாமி

"திருப்பிச் சொல்லு பாப்பம். நீ ஆர்ர மகள்?"

தையல்முத்து அம்மாள் கதிரையில் தன்னுடைய கைலேஞ்சியை விரித்து, அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். வெள்ளவத்தையிலிருந்து ரயிலும் ரிக்‌ஷாவும் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த களைப்பில்கூட அந்த லேஞ்சியை அவள் மறக்கவில்லை. பாதி அடுக்கிய தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற கொன்ஸ்ரன்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் எரிந்தது. அவள் முகம் மழிக்கிற அந்தோனிப்பிள்ளையின் மகள். அதைத்தான் இப்போது மறந்துவிட வேண்டுமாம்.

"சங்கரப்பிள்ளை விதானையார்ர மகள்," என்றாள்.

"ஓம். ஊருக்கே தலைமைக்காரர், எனக்கு ஒண்டுவிட்ட தமையன். செத்துப்போனார், பிள்ளை குட்டியும் இல்லை. ஆரும் போய் விசாரிக்கேலாது."

"பிள்ளை குட்டி இல்லாதவருக்கு நான் எப்பிடியம்மா மகள்?"

வாசலோரம் நின்ற ஸ்ரனிஸ்லாஸ் பலமாக இருமினான். மனைவியின் வாய்க்கு அவன் போடும் பூட்டு அந்த இருமல்தான். அது எப்போதும் பிந்தித்தான் விழும்.

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. அம்மாளின் மகன் சிவபாதசுந்தரம் மலாயாவில், ஈப்போவில், ஒரு வெள்ளைக்காரனுடைய றப்பர் பக்ரறியில் பெரிய கிளாக்கர். சீனன் கடைச் சாப்பாடு அவருடைய வயிற்றைப் பாழாக்கிவிட்டது. சமைத்துப்போட ஊரிலிருந்து ஒரு பெண் வந்தால், அவள் புருஷனுக்கு பக்ரறியில் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். சொந்தத்தில் ஒருத்தியும் கப்பலேறச் சம்மதிக்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் சம்மதித்தான். துறைமுகப் பட்டறையில் பார்த்த வேலையையும் விட்டுவிட்டான். பினாங்குத் துறையில் சிவபாதசுந்தரம் வந்து பொறுப்பெடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் நடுத்தெருதான்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வெள்ளவத்தையில் அம்மாளின் ஒழுங்கையிலேயே இருக்கும், கோட்டில் வழக்குப் பார்க்கிற புறக்ரர் வீட்டுப் பெண்ணைச் சிவபாதசுந்தரத்துக்குப் பேசிச் சீதனமும் முடிவாகியிருந்தது. பெண்ணின் தமையனும் அதே கப்பலில் ஈப்போவுக்குப் போகிறான். மாப்பிள்ளை யார் கையால் தின்கிறார் என்று அவன் பார்ப்பான். பார்த்தால் வீட்டுக்கு எழுதுவான்.

"நீ சமைச்சா என்ர பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது," என்றாள் அம்மாள் பெருந்தன்மையோடு. "அது வெளியில தெரிஞ்சாத்தான் செய்யும்."

"என்ர கழுத்தில கிடக்கிற சிலுவை?"

"அது கிடக்கட்டும். எங்களிலயும் கிறிஸ்து வேதத்துக்குப் போன ஆக்கள் இருக்கினம்."

"சரி மாமி."

"இஞ்ச அம்மா எண்டே சொல்லு."

"அங்க மாமி, இஞ்ச அம்மாவோ? பழகாட்டி வாய் தடுமாறும். பிறகு உங்கட மகனுக்கெல்லோ வெக்கம். மாமி, தேத்தண்ணி போடட்டோ?"

"இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

"அவர் மூண்டு நேரமும் என்ர கையால தின்னப்போறார். நீங்கள் ஒரு வாய் குடிச்சுப் பாத்தால் உங்களுக்கும் நிம்மதி."

"அவன் ஆம்பிளை. அதோட, அது அக்கரை."

ஸ்ரனிஸ்லாஸ் மறுபடியும் இருமினான். அம்மாள் எழுந்து லேஞ்சியை நுனியில் பிடித்து உதறினாள். வாசலில் நின்று கடைசிக் கட்டளையையும் போட்டாள்.

"உன்ர அப்பனைக் கப்பலடிக்குக் கூட்டிவராதை. புறக்ரர் வீட்டாக்கள் முழுக்க அங்க நிப்பினம்."

கொன்ஸ்ரன்ஸின் முகத்தில் இருந்த குறும்பு அணைந்தது. "பெத்தவர் வந்து அனுப்பாமலோ?"

"விதானையார்தான் செத்திட்டாரே," என்று சொல்லிவிட்டு அம்மாள் ரிக்‌ஷாவில் ஏறினாள்.

ரிக்‌ஷா மூலையில் திரும்பியது. ஸ்ரனிஸ்லாஸ் மெதுவாகச் சொன்னான். "கப்பல் ஏறுமட்டும் வாயை அடக்கும். உமக்குக் கோடி புண்ணியம்."

"தாயில்லாமல் என்னை வளத்த மனிசனப்பா. உயிரோட இருக்கிறவரைச் சாகக் குடுத்திட்டோ வேலைக்குப் போறது?"

"போகாட்டி இஞ்ச என்ன கிடக்கு? பட்டறையில எனக்குப் பேர் ஒண்டு இருக்கெண்டு ஆருக்கும் தெரியாது. சாதியைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்கள்."

பெட்டியை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கிக்கொண்டே போனவள் சட்டென்று நின்று, வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் ஸ்ரனிஸ்லாஸுக்கு இருமல் தானாகவே வந்தது.

கப்பல் போகிற நாள் துறையில் சனம் நிறைந்திருந்தது. அந்தோனிப்பிள்ளை வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு, சாமான் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி நின்றார். "நான் இஞ்ச நிண்டு பாத்தாப் போதும், மகளே," என்று அவரே சொல்லியிருந்தார். மகளின் வேலைக்குத் தன் முகம் தடையாக வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

முன்னால், புறக்ரரின் பெண்சாதி மகனுக்கு விபூதி பூசிவிட்டுக் கொன்ஸ்ரன்ஸைத் தலை முதல் கால் வரை அளந்தாள்.

"ஆர் இவை?"

"எங்கட ஆக்கள்," என்றாள் தையல்முத்து அம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "என்ர தமையன்ர மகளும் புருசனும். இனி மகன்ர சாப்பாட்டுக்குக் கவலையில்லை."

"நல்லது. தமையனார் மகளை அனுப்ப வரேல்லையோ?"

"அவர் எங்க, அவர்..."

"வந்திருக்கிறார்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

அம்மாள் சேலைத் தலைப்பை எட்டிப் பிடிப்பதற்குள் அவள் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டாள். கையைப் பிடித்துத் தகப்பனை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினாள்.

"இவர்தான் என்ர அப்பு. மாமி, உங்கட அண்ணையோட ஒரு வார்த்தை கதையுங்கோவன்."

புறக்ரரின் பெண்சாதிக்கு அந்த முகம் தெரியும். ஞாயிறுதோறும் கத்தரிக்கோல் பெட்டியோடு அவள் வீட்டுப் பின்கதவால் வந்து, புறக்ரருக்கு முகம் வழித்துவிட்டுப் போகிற முகம். அம்மாள் வீட்டுப் பின்கதவிலும் "நாச்சியார்" என்று குரல் கொடுத்துவிட்டு நிற்கிற முகம்தான்.

அந்தோனிப்பிள்ளையின் கை, பழக்க தோஷத்தில், தோளில் கிடந்த சால்வையை இறக்கப் போனது. அந்தக் கையை மகள் விடவில்லை. அவர் அவளைப் பார்த்தார். சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சுகமோ, தங்கச்சி?"

அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள். இல்லை என்றால், பெரிய கிளாக்கர் இவருடைய மகள் கையால் தின்னப்போவது வெளிவரும். ஓம் என்றால், தானே இவருக்குத் தங்கச்சி.

"ஓம்... சுகம்," என்றாள் கடைசியில், கடலைப் பார்த்து.

சம்பந்தம் இந்த இடத்திலேயே முறிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். புறக்ரரின் பெண்சாதி அப்படி அவசரப்படுகிறவளல்ல. மலாயாக் கிளாக்கர் மாப்பிள்ளை லேசில் கிடைக்கிற சாமானா? அவள் விபூதிக் கையைச் சாவகாசமாகத் துடைத்தாள்.

"உங்கட ஆக்கள் எண்டால் எங்களுக்குப் பரவாயில்லை," என்றாள் இனிமையாக. "சீதனத்தைத்தான் திருப்பி ஒருக்காக் கதைக்கவேணும். குறைச்சு."

இருவரையும் ஏற்றிய படகு கப்பலை நோக்கி விலகியது. ஸ்ரனிஸ்லாஸ் தகரப் பெட்டியை மடியோடு இறுக்கிக்கொண்டான்.

"அம்மா மகனுக்குத் தந்தி அடிச்சிடுவா. பினாங்கில ஐயா வரமாட்டார்."

"என்னெண்டு அடிக்கிறது? மச்சாளை இறக்காதை எண்டோ?" கொன்ஸ்ரன்ஸ் கரையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாள் அங்கே இல்லை. அப்பு முன்னாலேயே நின்று, சால்வையைத் தோளிலிருந்து எடுத்து வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். "வருவார், இஞ்சாருங்கோ. அவர் இண்டைக்கும் சீனன் கடையிலதானே சாப்பிட்டிருப்பார்."