வெட்டுக்காரன் வீட்டு நாடாப்புழு

வெட்டுக்காரன் வயிற்றிலிருந்த நாடாப்புழு அவன் மனைவியின் தோள் எலும்பை முதன்முதலாக உடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சட்டையில் ஒரு பித்தான் இல்லை என்பது காரணம். பித்தானால் புழுவுக்கு என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. "நான் இல்ல. கை தானா போச்சு. உள்ள இருந்து இழுத்து விட்ட மாதிரி இருந்துச்சு" என்று வெட்டுக்காரன் வாசலில் உட்கார்ந்து அழுதான். ஆறடி ஆள், மாட்டின் கழுத்தை ஒரே வீச்சில் இறக்குகிறவன், இப்படி மூக்கு ஒழுக அழுததைப் பார்த்ததும் தெருவுக்கு மனசு இளகிவிட்டது. மனைவி உள்ளே சுவரோரமாகத் தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் அழுதது வாசல் வரைக்கும் வரவில்லை.

புழு இருந்தது என்னவோ உண்மைதான். கசாப்புக்கூடத்தில் மாட்டை உரித்ததும், ஆவி பறக்கும் தொடையிலிருந்து ஒரு துண்டைச் சீவிப் பச்சையாகவே மெல்வது அவனுடைய வீரம். பக்கத்தில் நிற்கிறவர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க இன்னொரு துண்டு போட்டுக்கொள்வான். ஆஸ்பத்திரி டாக்டர் அவன் மலத்தில் வெள்ளரி விதை மாதிரி உதிர்ந்து கிடந்த புழுக் கணுக்களைப் பார்த்துவிட்டு நாடாப்புழுதான் என்று உறுதியாகச் சொன்னார். பாதி உண்மையாகிவிட்டதால் மீதிப் பாதியையும் தெரு நம்பிக்கொண்டது. இன்ஸ்பெக்டரும் வந்தார். வெட்டுக்காரனைச் சட்டையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு நேரே குனிந்து, "அந்தப் பொம்பளைய அடிச்சது நீதானா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. மறுக்காததால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை எப்படி உள்ளே தள்ளுவது என்று சலித்தபடி டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. புழு அவளுடைய முன்பற்களைத் தட்டியது, இடது காதைச் செவிடாக்கியது, ஒருமுறை கொதிக்கிற தண்ணீரைக் காலில் கவிழ்த்தது. ஒவ்வொரு தடவையும் வெட்டுக்காரன் வாசலில் உட்கார்ந்து அழுதான், ஒவ்வொரு தடவையும் யாராவது அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். "என் பிள்ளை தங்கம். உள்ள இருக்கறதுக்குத்தான் பசி தாங்காது. நீ ஒரு கரண்டி கூடப் போட்டா கொறஞ்சா போயிடுவே?" என்று மாமியார் மருமகளைக் கடிந்துகொண்டாள். மருமகளும் தன் தட்டிலிருந்து எடுத்து அவன் தட்டில் போட்டாள். அந்தப் புழுவிடம் ஒரு நல்ல குணம் இருந்ததாகத் தெருவில் பேச்சு. கசாப்புக்கூட முதலாளியை அது ஒருநாளும் தொட்டதில்லை, இன்ஸ்பெக்டர் எதிரே வந்தால் ஒதுங்கி நின்றது, கதவு சாத்தியிருக்கும்போது மட்டும்தான் அதற்குக் கோபம் வந்தது. ஆள் பார்த்து நடக்கத் தெரிந்த புழு. இதில் கொடுமை, அவளும் நம்பினாள். அதே கசாப்புக்கூடத்தில் குடல் கழுவும் அறையில் வேலை செய்கிறவள், எத்தனையோ புழுவைச் சாக்கடையில் தள்ளியவள், எதையும் இந்தப் புழு அளவுக்கு வெறுத்ததில்லை. அடி வாங்கித் தரையில் கிடக்கும்போது அவன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். சிரிக்கிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அவள் கர்ப்பமாயிருந்த ஆறாம் மாசத்தில் புழு அவளை வயிற்றில் உதைத்தது. பெண் குழந்தை, செத்துப் பிறந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் புழுவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வெட்டுக்காரனைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். குழிக்குப் பக்கத்தில் அவள் மட்டும் நின்றாள். "இன்னொரு உதை விழுந்தா நீ பிழைக்க மாட்டேம்மா" என்று டாக்டர் வருத்தத்தோடுதான் சொன்னார். மாத்திரை கொடுத்தால் என்ன என்று அவள் கேட்டதற்கு, அவன் சம்மதிக்க வேண்டுமே என்று கையை விரித்தார். வெட்டுக்காரனிடம் எப்போது கேட்டாலும், "அதுவும் ஒரு உயிர்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்பான். அவனுடைய இரக்கத்தை எல்லோரும் மெச்சினார்கள். அவள் டாக்டரின் மேஜையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு போனாள், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டில் அதைப் பொடித்துக் குழம்பில் கலந்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை புழு வெளியே வந்துகொண்டிருந்தது. கொல்லையிலிருந்து சந்து வழியாகத் தெருவுக்கு இறங்கி, தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தும் இன்னும் மிச்சமிருந்தது. தெருவே கட்டையும் கடப்பாரையுமாகக் கூடி நின்றது. எல்லாவற்றுக்கும் கடைசியில் தலை வந்தது. மிளகளவுத் தலை. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்: நாலு உறிஞ்சிகள் இருந்தன. பல் இல்லை, கொக்கி இல்லை, வாய்கூட இல்லை. முதல் கட்டை ஓங்கப்பட்டதும் அந்தப் பெரும் நீளம் முழுவதும் நடுங்கியது, தலை ஊர்ந்து வந்து அவளுடைய புடவைக் கொசுவத்துக்குள் ஒளிந்துகொண்டது. கூடவே ஒரு சத்தம். தரையில் கிடக்கும்போதெல்லாம் அவள் கேட்ட அதே சத்தம். சிரிப்பல்ல, பயந்து முனகுகிற சத்தம். இத்தனை காலமும் தன்னோடு சேர்ந்து இதுவும் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. ஒருத்தரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, குடல் கழுவும் டிரம் ஒன்றைக் கொண்டுவந்து அதைச் சுருட்டி வைத்து, மாத்திரை கலக்காத நீர்த்த குழம்பை ஊற்றினாள்.

அன்று இரவு குளிக்க வைத்த வெந்நீர் ஆறிப்போயிருந்தது. வெட்டுக்காரன் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடுப்பு விளிம்பில் மோதினான். காலி வயிற்றோடு மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. டிரம்மில் புழு முனகியது.

தெரு மறுபடியும் வாசலில் கூடியது. ஒருவர், தலை உள்ளேயே தங்கியிருக்கும் என்றார். தலையும் வெளியே வந்துவிட்டது என்றார் டாக்டர். அப்படியானால் அது கற்றுக்கொடுத்த பழக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். மாமியார், பாவம் அத்தனை வருஷம் கூட இருந்தது போய்விட்ட துக்கம் என்றாள். மருமகள் தன் நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். இவர்களிடம் நியாயம் கேட்டுப் பிரயோஜனமில்லை, இவர்களுக்கு ஒரு புழு இருந்தால் போதும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. டிரம்மை வாசலுக்கு இழுத்து வந்தாள். பட்டப்பகல் மாதிரி எரிகிற தெருவிளக்கின் கீழ், எல்லோரும் பார்த்திருக்க, "வர்றியா?" என்று கேட்டாள். புழு தலையைத் தூக்கியது. அவள் வாயைத் திறந்தாள். நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டு அவ்வளவையும் விழுங்கி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து அவன் மறுபடியும் கையை ஓங்கினான். அவள் அவனுடைய வெட்டுக்கத்தியை எடுத்து, ஓங்கிய கையை மணிக்கட்டோடு வெட்டினாள். ஒரே வீச்சு. விரல்கள் சமையலறைத் தரையில் கொஞ்ச நேரம் மடங்கி மடங்கி விரிந்தன. அவன் இன்னொரு கையால் அவள் கழுத்தைப் பிடிக்க வந்தான், அதையும் வெட்டினாள். சுவரிலும் பாத்திரத்திலும் மாமியாரின் வெள்ளைப் புடவையிலும் ரத்தம் அடித்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், புழு அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். வழக்கப்படி குனிந்து அவள் வயிற்றைக் கேட்டார். பதில் இல்லை. நிமிர்ந்து தெருவைப் பார்த்தார், தெரு அவரைப் பார்த்தது. அவர்களாக உண்டாக்கி வைத்த வழக்கத்தை அவர்களாலேயே மீற முடியவில்லை. "வெட்டுனது இவதான்! இவ கைதான்!" என்று மாமியார் கத்தியபோது, பக்கத்து வீட்டுக்காரர் சங்கடத்தோடு, "அவ நல்ல பொண்ணும்மா. உள்ள இருக்கறது பண்ணதுக்கு அவ என்ன செய்வா?" என்றார்.

வெட்டுக்காரன் பிழைத்துக்கொண்டான். யாராவது ஊட்டினால்தான் சோறு என்பதால், பெரும்பாலும் மாமியார் ஊட்டுகிறாள். மருமகளுக்கும் அவளே பரிமாறுகிறாள், ஒரு கரண்டி கூடவே போடுகிறாள். மருமகளுக்கு உடம்பு தேறியது. குடல் கழுவும் அறையில் பழையபடி வேலைக்குப் போய் வருகிறாள், நிம்மதியாகத் தூங்குகிறாள், வயிற்றில் இருப்பதும் தூங்குகிறது.

பிறகுதான் மற்ற பெண்கள் வரத் தொடங்கினார்கள். நாடாப்புழு கணுக்களை உதிர்க்கும் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒருத்திக்கு உதடு கிழிந்திருந்தது, ஒருத்தி நடக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அந்த வழியாகப் போகும்போது நின்று, அப்படியெல்லாம் பரவாது, கணுவிலிருக்கும் முட்டை முதலில் மாட்டுக்குள் போய் வரவேண்டும், சும்மா விழுங்கினால் ஒன்றும் ஆகாது என்று விளக்கினார். விலாவைப் பிடித்திருந்தவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"வளரணும்னு இல்ல டாக்டர். உள்ள இருக்குன்னு வீட்ல தெரிஞ்சா போதும்."

ஈரத்துணியில் சுற்றி ஆளுக்கு ஒரு கணு கொடுத்தாள் வெட்டுக்காரன் மனைவி. அந்தத் தெருவில் இப்போது சாப்பாட்டில் உப்பு குறைந்தால் ஆண்கள் தாங்களே எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறார்கள்.