கூப்பிடக் கூடாத நேரம்

ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். ஆறு மணிக்கு மாநகராட்சித் தண்ணீர் வரும். இரண்டு வாளி, ஒரு குடம் பிடித்து வைக்கிறேன். ஒரு டம்ளர் டீ போட்டுக் குடிக்கிறேன். இரண்டு செல்போன்களையும் சார்ஜரிலிருந்து கழற்றுகிறேன். ஒன்று என்னுடையது. மற்றது ஜெயப்ரியாவுடையது. என்னுடையதைப் பையில் போட்டுக்கொள்கிறேன். அவளுடையதை மேஜைமேல் வைக்கிறேன். டாக்குரியாவில் எட்டேகால் பஸ்ஸைப் பிடித்து நியூ டவுனில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகிறேன். மாலையில் வந்து இரண்டையும் மறுபடி சார்ஜரில் போடுகிறேன்.

ஜெயப்ரியா என் மனைவி. அக்டோபரில் டெங்குவில் இறந்தாள். ஐந்தே நாள். அவளுடைய எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். அதற்கு அழைப்புகள் வரும். எடுத்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அவளுடைய கம்பெனியிலிருந்து எனக்கு மெயில் வந்தது. தண்ணீர் ஃபில்டரை நேரடியாக வீடுகளுக்கு விற்கும் கம்பெனி. வாங்கக்கூடியவர்களின் பெயரையும் போன் நம்பரையும் சேகரித்துக் கொடுப்பது அவள் வேலை. மெயிலில் முதலில் நாலு வரி இருந்தது. மொத்தப் பதிவுகள் 312. சோதித்தவை 40. பதில் சொன்னவர்கள் 3. முடிவு: போலிப் பட்டியல்.

போலிப் பட்டியல் கொடுத்தவர்களின் பெயர்கள் மறுநாள் மாலை நாலு மணிக்கு ஏஜெண்டுகளின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பப்படும் என்று கீழே இருந்தது. அந்தக் குழுவில் இருநூறு பெண்கள். பாதிப் பேர் அவளோடு வெயிலில் நின்றவர்கள்.

நாலு மாதமாக எனக்குக் கோபம்கூட வந்ததில்லை. அன்று வந்தது.

அவள் எப்படி வேலை செய்தாள் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் அவள் உட்காரும் மேஜையைத் தூக்கிப் போனவன் நான்தான். நியூ டவுன் அடுக்குமாடிகளின் வாசலில், டாக்குரியா ஸ்டேஷன் வெளியே, பூஜைப் பந்தல் ஓரத்தில். மற்ற ஏஜெண்டுகள் ஒரு பெட்டி வைப்பார்கள். பெயரும் நம்பரும் எழுதிப் போட்டால் குலுக்கலில் குக்கர் கிடைக்கும். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கடைசி எண்ணை மாற்றி எழுதிப் போட்டுவிட்டுப் போவார்கள். ஜெயப்ரியா பெட்டி வைத்ததில்லை. "குக்கருக்கு நம்பர் குடுக்கிறவங்க குக்கர் வந்தா மட்டும்தான் போனை எடுப்பாங்க" என்பாள்.

அவள் ஆளை உட்கார வைப்பாள். வீட்டில் வருவது மாநகராட்சித் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேட்பாள். நம்பரைத் தானே நோட்டில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்து, தன் பெயரை அவர்கள் போனில் ஏற்ற வைப்பாள். ஜெயாதி. ஜெயா அக்கா. இந்த வங்காள ஊருக்கு அவள் அதுதான். கடைசியாக ஒரு கேள்வி கேட்பாள். "எப்போ கூப்பிடக் கூடாது?"

ஜனங்கள் ஒரு நிமிஷம் விழிப்பார்கள். இதை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. பிறகு நிறையச் சொல்வார்கள். நோட்டின் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பே 'கூடாது' என்பதுதான். 'நர்ஸ், நைட் ட்யூட்டி, பகல் 12 வரை கூடாது.' 'மாமியார் பக்கத்தில் இருந்தால் கூடாது, இருமினால் வைத்துவிடவும்.' 'ஃபுட்பால் மேட்ச் நாள் கூடாது, தோற்றால் மறுநாளும் கூடாது.'

நோட்டைக் கம்பெனி ஆப்பில் ஏற்றியது நான். பி.காம். படித்தவன், வேகமாக டைப் அடிப்பேன். ஆப்பில் பெயர், எண், முகவரிக்கு மட்டும் இடம் இருந்தது. 'கூடாது' கட்டத்துக்கு இடமில்லை. விட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். காலையில் இரண்டு போன்களையும் பையில் போட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி ஆபீஸ் பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடி. மேனேஜர் சிவராமகிருஷ்ணன் இந்த ஊரிலேயே பிறந்தவர். சோதிக்கும் வேலை ஸ்னேகாவுடையது. இருபத்திரண்டு வயது இருக்கும். அவளும் தமிழ்ப் பெண்தான், வங்காளம்தான் சரளம்.

"வாங்கோ ராம்கி, உட்காருங்கோ" என்றார் மேனேஜர். "ரொம்ப வருத்தமான விஷயம். நீங்க இதுக்காக வந்திருக்க வேண்டாம்."

"போலின்னு போட்டிருக்கீங்க. அதை எடுக்கணும்."

"ஸ்னேகா நாற்பது பேருக்குப் போட்டுப் பார்த்தா. மூணு பேர்தான் எடுத்தா. நம்ம மனுஷான்னு விட்டுட்டா மத்தவா என்ன சொல்லுவா?"

"எந்த நேரத்துக்குப் போட்டாங்க?"

ஸ்னேகா திரும்பினாள். "பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் அண்ணா. ஆபீஸ் நம்பர்லேர்ந்து. எடுத்த மூணு பேருமே செம திட்டு."

நோட்டை விரித்து வைத்தேன். கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். தமிழ் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள்.

"பத்து நம்பர் நீங்களே எடுங்க. நான் கூப்பிடறேன்" என்றேன்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. "பத்துக்கு எட்டு பேர் எடுக்கணும். ஆபீஸ் ரூல். ஆனா நாலு மணிக்கு லிஸ்ட் போயிடும். ஹெட் ஆபீஸ்லேர்ந்து பார்த்துண்டே இருக்கா."

ஸ்னேகா கண்ணை மூடிக்கொண்டு திரையில் விரலை வைத்துப் பத்து எண்களை எடுத்தாள். நான் அவற்றை நோட்டில் தேடி, எப்போது கூப்பிடலாமோ அந்த வரிசையில் எழுதிக்கொண்டேன். ஜெயப்ரியாவின் போனைக் கையில் எடுத்தேன். நாலு மாதத்துக்குப் பிறகு அதைத் திறக்கிறேன்.

முதல் எண் டாக்குரியாவில் ஒரு மாஷிமா. வயதான பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். இரண்டாவது மணியில் எடுத்தார். அவர் பேசிய வங்காளம் அறை முழுக்கக் கேட்டது.

"ஜெயா! எங்கே போய்த் தொலைஞ்சே? பூஜைக்கு வரேன்னே, சரஸ்வதி பூஜையே முடிஞ்சுபோச்சு. எத்தனை தரம் கூப்பிட்டேன் தெரியுமா உன்னை?"

"மாஷிமா, நான் ஜெயாவோட வீட்டுக்காரர்."

"மேஜை தூக்குவியே, அந்தப் பையனா? அவகிட்டே குடு."

சொன்னேன். நான் அதை யாருக்கும் போனில் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள்.  "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார் மாஷிமா. சாப்பிட்டேன் என்றேன். ஸ்னேகா தாளில் ஒரு கோடு போட்டாள்.

இரண்டாமவர் டியூஷன் வாத்தியார். பதினொன்றரைக்கு மேல். அவருக்கு என்னிடம் ஒரு புகார் இருந்தது. "ஜெயாதி கம்பெனின்னு சொல்லிக்கிட்டு ஒரு பொண்ணு சரியா என் பூஜை நேரத்துல கூப்பிடுது சார். ஜெயாதி இருந்தா விடுவாங்களா? அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

"சொல்றேன் சார். பக்கத்துலதான் இருக்காங்க" என்றேன்.

ஸ்னேகா முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டாள். மேனேஜர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

பன்னிரண்டு அடித்ததும் நர்ஸ். கொட்டாவியோடு எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் எந்த ஆஸ்பத்திரி, பிளேட்லெட் எத்தனை என்று விசாரித்தார். சொன்னேன். சொல்ல முடிந்தது. பிறகு ஒரு டாக்ஸி டிரைவர், ஒரு தையல்காரப் பெண், ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். ஒவ்வொருவரும் முதலில் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் நான் அதையே சொன்னேன். ஆறாவது தடவை சொல்லும்போது குரல் என்னுடையதாகவே இருந்தது.

ஏழாவது எண் எடுக்கவில்லை. ஃபுட்பால்காரர். முந்தின நாள் மேட்ச் இருந்தது எனக்குத் தெரியாது.

"தோத்துட்டாங்க அண்ணா. நாலு கோல்" என்றாள் ஸ்னேகா.

"இதையெல்லாம் நான் எழுத முடியுமா?" என்றார் மேனேஜர். "எடுக்கலைன்னா எடுக்கலை."

எட்டாவது எண் உபயோகத்தில் இல்லை. நோட்டில் அதற்கும் இருந்தது. 'ஜனவரியில் பெங்களூர் போகிறார், பிறகு கூடாது.' அதையும் ரூல் ஏற்காது என்றார் மேனேஜர். நோட்டை மட்டும் தன் பக்கம் இழுத்து இன்னும் இரண்டு தாள் படித்தார். ஒன்பதாவது ஆள் சாப்பிட்டு முடிக்கும் நேரமாகப் பார்த்து இரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டேன், எடுத்துவிட்டார்.

பத்துக்கு ஏழு. ஒரு எண் பாக்கி. மணி மூன்று.

பத்தாவது எண்ணை ஸ்னேகா எடுத்துக் கொடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் கடைசியில் எழுதியிருந்தேன். 'டுக்டுகியின் அம்மா, பாலிகஞ்ச். கைக்குழந்தை. 2 முதல் 4 வரை கூடாது.'

"போடுங்கோ" என்றார் மேனேஜர்.

"நாலு மணிக்கு மேலதான் கூப்பிடணும்."

"நாலு மணிக்கு நான் அனுப்பியாகணுமே! ஒரே ஒரு கால். எடுத்தா முடிஞ்சுபோச்சு, உங்க ஆத்துக்காரி பேர் லிஸ்ட்ல இருக்காது. குழந்தை முழிச்சுண்டா என்ன, கொஞ்சம் அழும்."

"கூடாதுன்னு எழுதியிருக்கா சார்."

"அண்ணா, நான் வேணா போடட்டுமா?" என்றாள் ஸ்னேகா. தன் தவறைச் சரிசெய்ய நினைத்தாள், பாவம்.

"வேண்டாம்மா."

"இது உங்க கௌரவத்துக்குப் பண்றேளா, இல்லை அவளுக்காகவா?" மேனேஜருக்குக் குரல் ஏறியது.

அந்த நேரத்துக்குக் கூப்பிட்டு ஆளைப் பிடித்தால், அவள் பெயர் தப்பும். ஆனால் அது அவளுடைய பட்டியலாக இருக்காது.  போனை மேஜைமேல் குப்புற வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கீழே டிராம் நின்றுபோன பழைய தண்டவாளத்தின்மேல் ஆட்டோக்கள் ஓடின. மண் குவளையில் டீ வந்தது. ஸ்னேகா என்னிடம் கேட்காமலே ஒரு தாளில் கோடு போட்டு, நோட்டின் கடைசிக் கட்டத்தை வங்காள எழுத்தில் காப்பி செய்ய ஆரம்பித்தாள். மூன்றே முக்காலுக்கு மேனேஜர் லிஸ்ட்டைத் திரையில் திறந்து வைத்தார். பதினொரு பெயர்கள். ஆறாவது ஜெயப்ரியா.

நாலு அடித்தது. அவர் கை அனுப்பும் பட்டன்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"சார், நெட் ரொம்ப ஸ்லோ இல்லே இன்னிக்கு?" என்றாள் ஸ்னேகா திரையைப் பார்க்காமல்.

"ஆமாம்" என்றார் அவர். "ரொம்ப ஸ்லோ."

நாலு மணி இரண்டு நிமிஷத்துக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

"ஜெயாதி! இப்போதான் எழுந்தா. எழுந்த உடனே கரெக்டா போன். உங்களைத் தவிர யாருக்கும் இது வராது."

மேனேஜர் ஆறாவது பெயரை அழித்தார். பிறகுதான் அனுப்பினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே டுக்டுகியின் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் அழுதாள். ஃபில்டர் வேண்டும், அக்டோபரிலேயே வேண்டுமென்றுதான் இருந்தேன், ஜெயாதி கூப்பிடுவார்கள் என்று வேறு யாரிடமும் வாங்கவில்லை என்றாள்.

வெளியே வரும்போது ஸ்னேகா மாடிப்படி வரை வந்தாள். "அண்ணா, நான் இனிமே கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றாள். 312 பேர். ஒருவரும் போலியில்லை. அன்று ஸ்டேஷன் வரை நிமிர்ந்து நடந்தேன்.

ஜெயப்ரியா கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அவள் அம்மாவிடம், "உங்களைப் பார்த்துக்கச் சொன்னா" என்றேன். என் அலுவலகத்தில், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். இரண்டும் பொய்.

ஐந்தாம் நாள், மதியம் மூன்று மணி. ஐ.சி.யு.வுக்கு மாற்ற ஸ்ட்ரெச்சருக்காகக் காத்திருந்தோம். அன்று கூப்பிடுகிறேன் என்று அவள் சிலருக்குச் சொல்லியிருந்தாள். உடம்பு சரியில்லை என்று அவர்களுக்கு நானே சொல்லிவிடலாம் என்று அவள் போனை எடுத்தேன். முதல் பெயர் டுக்டுகியின் அம்மா. ஜெயப்ரியா கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"இப்ப வேணாங்க. குழந்தை தூங்கும். நாலு மணிக்கு மேல பண்ணுங்க."