வழுக்காத வேட்பாளர்

பாறசாலையில் அண்ணன் வீட்டு ஹாலில் சுசீலாபாய் வழுக்கி விழுந்தது போன வருஷம். விழுந்த இடம் ஹால். எழுந்த இடம் அடுக்களை. கண்ணாடி மாதிரி டைல் போட்ட வீடு, நடுவில் எங்கும் நிற்க வழியில்லை. சாப்பாட்டு மேசையைக் கடக்கும்போது மதினியைப் பார்த்து, "எனக்குச் சாயாவுல சீனி வேண்டாம்" என்று சொல்லக்கூட நேரம் இருந்தது. போய்ச் சேரும்போது சாயா ஆற்றி வைத்திருந்தார்கள்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஹாலின் நடுப்பகுதி என்பது மற்றவர்கள் நடமாடுவதைப் பார்க்கிற இடமாகிவிட்டது.

இந்த நிலையில்தான் நேமத்தில், அவர்கள் வாடகைக்கு இருந்த சந்திலேயே, சொந்த வீடு எழும்பி வந்தது. கூரை முடிந்தது, பூச்சு முடிந்தது, தரை மட்டும் பாக்கி. கணவர் வேலாயுதனுக்கு வெள்ளை டைல் வேண்டும். சுசீலாபாய்க்கு மெருகு போடாத, நீலச் சாம்பல் நிறக் கோட்டா கல் வேண்டும்.

"கல்லு எண்ணெயக் குடிக்கும்டி. மீன்கறி ஒரு சொட்டு விழுந்தாப் போரும், பேரப்பிள்ள காலம் வரைக்கும் மணக்கும்."

"மணக்கட்டு. சொந்த வீட்டுலயும் நான் சுவரப் பிடிச்சிட்டு நடக்கணுமா?"

வேலாயுதன் செருப்பை மாட்டினார். சாலைக் கடைத்தெருவுக்குப் போய், ஆட்டோவில் ஒரு டைலை மடியில் வைத்துக் கொண்டுவந்து, வாடகை வீட்டு மதிலில் சாய்த்து வைத்தார். பளபளப்பு என்றால் சாதாரணப் பளபளப்பு இல்லை. இரண்டு காக்கைகள் வந்து உள்ளே தெரிந்த இரண்டு காக்கைகளோடு மூன்று நாள் சண்டை போட்டன. நாலாம் நாள் சமாதானமாகி, உள்ளே இருந்தவைகளுக்குச் சோறு கொண்டுவந்து வைத்தன. சுசீலாபாயும் விடவில்லை. ஒரு கோட்டா கல்லை வரவழைத்து முற்றத்தில் போட்டாள். கோடை வெயிலில் அதன்மேல் படுத்த பூனைக்கு ஜலதோஷம் பிடித்தது. சுக்குக் காப்பி கொடுத்துத்தான் தேற்ற வேண்டியிருந்தது.

தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வேலாயுதன். அத்தனை வருஷமும் தேர்தல் டியூட்டி. எந்தத் தகராறும் வோட்டுப் போட்டால் தீர்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. மத்தியானம் சாம்பாரா மீனா என்பதற்கே வீட்டில் வோட்டெடுப்பு உண்டு. இரண்டே வோட்டு, வருஷக்கணக்காகச் சமநிலை. எனவே தினமும் இரண்டும் வைப்பாள் சுசீலாபாய்.

தரைக்கும் வோட்டு என்றார். வெளியூரிலிருக்கும் மகன் ஷைஜு அப்பா பக்கம், மருமகள் அஜிதா மாமியார் பக்கம். இரண்டுக்கு இரண்டு. "அந்தத் தரையில ஆரெல்லாம் நடக்கப் போறாவளோ, அவியளுக்கெல்லாம் வோட்டு உண்டு" என்று அவர் சந்து முழுவதையும் பட்டியலில் சேர்த்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயஷீலா தேர்தல் அதிகாரி. கையில் மை வைத்தால் பொதுத்தேர்தலோடு குழம்பும் என்று கால் பெருவிரலில் வைப்பதாக முடிவாயிற்று.

பிரசாரம் இரண்டு வாரம் நடந்தது. டைலுக்காக வேலாயுதன் தினம் சாயங்காலம் நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி சுட்டுக் கொடுத்தார். கல்லுக்காக சுசீலாபாய் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்தாள். சந்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பக்கத்துச் சந்தில் வீடு காலி இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்கள்கூட இந்தச் சந்துக்குத்தான் குடிவந்தார்கள். தரை போட ஒப்புக்கொண்ட மேஸ்திரி தாசையன் மட்டும் தினம் காலையில் வந்து, காலி வீட்டைப் பார்த்துவிட்டு, "தீர்ப்பு ஆயிட்டா?" என்று கேட்டுத் திரும்பிப் போனார்.

வோட்டுப் போடும் நாளில் எடவப்பாதிப் பருவமழை பொத்துக்கொண்டு ஊற்றியது. சந்தே சேறு. வருகிறவர்கள் கால் கழுவ, தாசையன் வேறொரு வேலையில் மிஞ்சிய, தரையில் பதிக்கிற பலகை ஒன்றைக் கொண்டுவந்து வாடகை வீட்டு முற்றத்துக் குழாயடியில் பதித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அதன்மேல் ஏறிக் கால் கழுவி, மை வைத்துக்கொண்டு, பிஸ்கட் டின்னில் சீட்டைப் போட்டார்கள். வருகிறவர்கள் வாயில் எல்லாம் பழம்பொரி. சுசீலாபாய் இன்னொரு சட்டி மீன்கறியை அடுப்பில் ஏற்றினாள். தோற்றால் ஆயுசுக்கும் சுவர்தான்.

சாயங்காலம் ஜெயஷீலா டின்னைக் கவிழ்த்து எண்ணினாள்.

"டைலு முப்பத்தொண்ணு. கல்லு முப்பத்தொண்ணு. செல்லாதது ஒண்ணு. அதுல பழம்பொரிக்கே என் வோட்டுன்னு எழுதியிருக்கு."

"அது டைலுக்கு உள்ள வோட்டு!" என்றார் வேலாயுதன்.

சுசீலாபாய் மீன்கறிச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி முற்றத்துக்கு வந்துவிட்டாள். "பிராந்தா ஒங்களுக்கு? பழம்பொரிய தரையில பதிச்சா நடக்கப் போறிய?"

"மறு வோட்டு வைக்கலாம்" என்றது கூட்டம் ஒரே குரலில். "ரெண்டு வாரம் கழிச்சு வைக்கலாம்."

"கேட்டியளா, தின்ன வந்தவிய பேச்ச! முப்பது வருஷம் டியூட்டி பாத்த லெட்சணம்!" என்று தொடங்கியவள் பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. மழை கொட்டியது. அவள் காலடியில் தண்ணீர் ஓடியது. முன்னால் ஓரடி வைத்து ஒன்று சொன்னாள், பின்னால் ஓரடி வைத்து இன்னொன்று சொன்னாள்.

தாசையன் அவளுடைய பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, கோவிக்காண்டாம். ஒரு காரியம் கேக்கட்டா?"

"என்னவே?"

"எந்தச் சுவரப் பிடிச்சிருக்கிய?"

சுசீலாபாய் வாயை மூடினாள். கைகளைப் பார்த்தாள், அவற்றில் சட்டி இருந்தது. கீழே பார்த்தாள். குழாயடிப் பலகை. நீலமும் சாம்பலும் கலந்த நிறம், ஈரம், அதன்மேல் அவளுடைய இரண்டு கால்கள். பக்கத்தில் பிடிக்க ஒரு செடிகூட இல்லை.

"பாத்தியளா, கல்லு!" என்று கத்தினாள். "கல்லுன்னா இதாக்கும்!"

தாசையன் அவளை மெல்ல இறக்கிவிட்டு, பலகையைப் பெயர்த்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சு. "டைலாக்கும் அக்கா. பளபளப்பு இல்லாத்தது. மேல கல்லு மாதிரி சொரசொரப்பு. எண்ணெயும் குடிக்காது. இண்ணைக்கு அறுபத்து மூணு பேரு ஏறி எறங்கியாச்சு, ஒருத்தரும் விழல்ல."

"டைலு ஜெயிச்சாச்சு!" வேலாயுதன் கையைத் தூக்கினார்.

"ஆளு டைலா இருந்தா என்ன, கொணம் கல்லுதானே! கல்லாக்கும் ஜெயிச்சது."

ஜெயஷீலா இரண்டு பேருக்கும் வெற்றிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தாள். கூட்டம் மிகுந்த மனவருத்தத்தோடு கலைந்தது. அன்றிரவு சந்தில் பதினெட்டு வீடுகளில் மறுபடி அடுப்பு மூட்ட, தீப்பெட்டி எங்கே என்று தேடினார்கள்.

புது வீட்டில் பால்காய்ச்சு அன்றும் மழைதான். வந்தவர்கள் ஈரக் காலோடு, அதே சொரசொரப்பு டைல் பதித்த ஹாலை நனைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். சுசீலாபாய் புதுப் புடவையில், கைகளை வீசிக்கொண்டு, வாசலிலிருந்து அடுக்களைக்கு நட்டநடுவாக நடந்தாள். போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

"எக்கா, பாயசம் வெளம்பப்படாதா?" என்றார் தாசையன், இலைக்கு முன்னால் இருந்து.

"இரும்வே" என்றாள் அவள், நிற்காமல். "இன்னும் ஒரு தடவ போயிட்டு வாறேன்."